செண்டுமல்லித் தடம்

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் அகால மரணம் அடைந்தவனை மண்ணில் வைத்து மூடினால் மட்டும் போதாது. சுற்றிலும் உயிர்வேலி போட வேண்டும். வெட்டிய முள்ளைக் கொண்டுவந்து போடுவது கணக்கில் சேராது. வேர்விட்டு வளர்கிற வேலியாக இருக்க வேண்டும். சப்பாத்திக்கள்ளி மடலை ஒடித்து மண்ணில் குத்தி வைத்தால் அது பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும் என்பதால் எல்லோரும் அதைத்தான் நட்டார்கள். உள்ளே இருப்பவன் எழுந்து நடந்தால் வேலிவரைக்கும் வருவான், முள் தைக்கும், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வான். மாடு மேய்க்கிற பிள்ளைகள்கூட அந்தக் கள்ளி வட்டங்களைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

மாதம்மாளின் புருஷன் சென்றாயன் ஓர் ஆனி மாதத்தில் பலாப்பழம் இறக்க மரமேறி, கயிறு அறுந்து விழுந்தான். விழுந்தவனுக்குப் பொழுது சாயும்வரை உயிர் இருந்தது. நாலு வயது மகள் ராமாயி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்து, "ஆடிப் பதினெட்டுக்கு உன்னையத் தோள்ல வெச்சு அறப்பளீசுரர் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறேன் கண்ணு. நடக்கவே வேண்டாம்" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

பக்கத்தில் இருந்த ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியின் முகம் அந்தப் பேச்சைக் கேட்டதும் மாறிவிட்டது. குழி மூடியதும் மாதம்மாளைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"வாக்குக் கொடுத்துட்டுப் போயிருக்கறான். யாருக்குக் கொடுத்தானோ அவளைத்தான் தேடி வருவான். செத்தவன் தோள்ல ஏறுன கொழந்தை திரும்பி ஊடு வந்து சேராது. வேலியை நெருக்கமா நடு."

நெருக்கமாகவே நட்டாள். வீட்டுக்கு மேலே, சரிவில், புருஷனைச் சுற்றிக் கள்ளி ஒன்றரை வருஷத்தில் இடுப்பளவு வளர்ந்து நின்றது. தினை விதைத்தாள், ராகி அறுத்தாள், மகளை வளர்த்தாள். அந்த வட்டம் பச்சையாக இருக்கிறதா என்று காலையில் ஒரு பார்வை பார்த்துவிட்டால் அன்றைய பொழுது அவளுக்குப் போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு தை மாதத்தில், அருணாசலம் என்கிற சர்க்கார் மேஸ்திரி தலையில் கூடையோடு மலையேறி வந்தார். சேந்தமங்கலத்துக்காரர். கூடைக்குள் கள்ளி மடல்கள் இருந்தன. ஒவ்வொரு மடலிலும் பஞ்சை ஒட்டவைத்தாற்போல வெள்ளை வெள்ளையாகப் பூச்சி.

"கள்ளியைத் தின்னு அழிக்கற பூச்சிங்க" என்றார் அவர், மாதம்மாளின் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு.

"ஏனுங்க, எங்க கள்ளி உங்களை என்ன பண்ணுச்சு?"

"கீழ வந்து பாருங்கம்மா. காடு கரையெல்லாம் அதுதான். ஆடு நுழைய எடமில்ல."

அங்கே ராகி புடைத்துக்கொண்டிருந்த பெருமாயி முறத்தை நிறுத்தினாள். சென்றாயனின் அண்ணன் பெண்டாட்டி அவள். "அப்ப கீழ இருக்கறதைக் கொல்லுங்க. இத்தனை மூச்சு வாங்கிட்டு மேல எதுக்கு வந்தீங்க?"

"இங்க ஒரு வேலி மிஞ்சுனாலும் குருவி பழத்தைத் தின்னுட்டுக் கீழ வந்து எச்சம் போட்டுருமாம். தொரை உத்தரவுங்க."

"சமாதிக் கள்ளியை மட்டும் தொட்டுராதீங்க" என்றாள் மாதம்மாள். அவர் தொடமாட்டேன் என்று சத்தியமே செய்தார். ஓடையோரக் கள்ளியில் மட்டும் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

தண்ணீர் குடித்ததும் மேஸ்திரிக்குப் பேச்சு வந்தது. ஒரு பூச்சியைக் கட்டைவிரலால் நசுக்கிக் காட்டினார். விரல் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆனது. இத்தனூண்டு பூச்சிக்குள் இவ்வளவு சிவப்பா என்று ராமாயி வாயைப் பிளந்தாள்.

"இந்தக் கள்ளி நம்ம செடியே இல்லீங்க. கடலுக்கு அந்தாண்ட மெக்சிகோன்னு ஒரு சீமை. அங்க அஸ்டெக்குன்னு ஒரு ஜனம் ராஜாங்கம் பண்ணிட்டு இருந்துச்சாம். ஒரு எதிரியோட நெஞ்சைப் புடுங்கி ஏரிக்குள்ள வீசுனாங்களாம். அது விழுந்த எடத்துல இந்தக் கள்ளி மொளைச்சுதாம். அதைப் பாத்துத்தான் அங்கயே பட்டணம் கட்டுனாங்களாம். இந்தச் சிவப்புச் சாயத்தை மூட்டை மூட்டையா ராசாவுக்குக் கப்பம் கட்டுவாங்களாம்."

"அந்த ராசா இப்ப எங்க?" என்று கேட்டாள் ராமாயி.

"நானூறு வருஷத்துக்கு முந்தியே ஸ்பெயின்காரன் வந்து பட்டணத்தை இடிச்சுட்டானாம்." மேஸ்திரி கூரையின் கீழே தொங்கிய மக்காச்சோளக் கதிர்களைப் பார்த்தார், முற்றத்தில் காய்ந்த மிளகாயைப் பார்த்தார், வேலியோரக் கொய்யாவைப் பார்த்தார். "இது, இது, அதோ அது, எல்லாமே அந்தச் சீமையிலிருந்து கப்பலேறி வந்ததுதானாம். எங்க தொரை சொன்னார்."

"அப்ப நாங்க திங்கறது பூராவும் செத்தவங்க ஊட்டுச் சோறுன்னு சொல்லுங்க" என்றாள் பெருமாயி. "அடுப்பாச்சும் எங்களுதா, அதுவும் அவங்க வெச்சுட்டுப் போனதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாதம்மாளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு மிளகாய் அரைக்கும்போது அம்மியில் அவள் கை கொஞ்சம் தயங்கியது.

மேஸ்திரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காற்று காப்பாற்றவில்லை. ஓடையிலிருந்து கிளம்பிய பஞ்சு, மாசி முடிவதற்குள் சரிவில் ஏறிவிட்டது. முதலில் வட்டத்தின் ஒரு மூலையில் வெள்ளை பூத்தது. பிறகு மடல்கள் மஞ்சளித்தன, தொளதொளத்தன, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. மாதம்மாள் துடைப்பத்தால் தட்டிப் பார்த்தாள், சாம்பல் தூவினாள், கடைசியில் வெறுங்கையால் வழித்தெடுத்தாள். கை இரண்டும் மணிக்கட்டுவரை சிவந்துபோயின. எத்தனை தேய்த்தும் இரண்டு நாளைக்குப் போகவில்லை. சித்திரை பிறந்தபோது வேலி இருந்த இடத்தில் கறுத்த நார் மட்டும் கிடந்தது. மலையில் வேறெங்கும் மடல் ஒடித்து வர ஒரு கள்ளிகூட உயிரோடு இல்லை.

பூச்சி வேலையைச் சரிபார்க்க மறுபடி வந்த அருணாசலம் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கத்தாழை நடலாமுங்களே?"

"அது வேர் புடிச்சு நெருங்கறதுக்குள்ள ரெண்டு ஆடி போயிரும்" என்றாள் மாதம்மாள். "எனக்கு இந்த ஆடிக்குள்ள உசிரோட ஒரு வேலி வேணும்."

மேஸ்திரி தன் பையைக் குடைந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "செண்டுமல்லி விதைங்க. ராசிபுரம் சந்தையில மாலைக்கு வாங்கிக்குவாங்கன்னு குடியானவங்களுக்குக் கொடுக்கறது. நாலஞ்சு நாள்ல மொளைச்சிரும். இடுப்பளவு வரும். வாடை இருக்கு பாருங்க, மாடு வாய் வெக்காது, பூச்சி அண்டாது. கத்தாழை வளர்ற வரைக்கும் இது நிக்கட்டும்."

பூச்சி அண்டாது என்ற சொல் மாதம்மாளுக்குப் போதுமாக இருந்தது. வட்டம் முழுக்க நெருக்கமாக விதைத்தாள். உயிர்வேலிக்கு ஒரு கட்டு உண்டு: நட்ட கை அதைப் பிடுங்கக்கூடாது, அடுத்தவர் கை தொடக்கூடாது. அதையும் நினைத்துக்கொண்டுதான் விதைத்தாள். மறுநாளே கோடைமழை கொட்டியது. சரிவில் வந்த தண்ணீர் வட்டத்துக்குள் புகுந்து, ஒரு கோடாக இறங்கி, அவள் வாசலை ஒட்டி ஓடியது.

விதை முளைத்தபோது வட்டத்தில் பாதிதான் இருந்தது. மீதி, தண்ணீர் இறங்கிய கோட்டிலேயே முளைத்திருந்தது. சமாதியிலிருந்து வாசற்படிவரை, ஒரு ஆள் நடந்து வருகிற அகலத்துக்கு, பச்சை.

பெருமாயி இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தாள். "வேலி போடச் சொன்னா ரோடு போட்டிருக்கறியே மாதம்மா."

"மழை பண்ணுன வேலை அக்கா."

"மழைக்கு உன் ஊட்டு வாசல் எப்படித் தெரிஞ்சுது?"

ஆனி கடைசியில் பூக்கத் தொடங்கியது. செடியெல்லாம் ஒரே நாளில் முளைத்தவை. பூப்பதும் ஒன்றாகத்தானே பூக்க வேண்டும்? அப்படி நடக்கவில்லை. சமாதியின் மேல் இருந்தது முதலில் பூத்தது. மறுநாள் அதற்குக் கீழே இருந்தது. அதற்கு மறுநாள் அதற்கும் கீழே. காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் ஒரு எட்டு இறங்கியிருந்தது. மேலே மண் ஈரம் அதிகம், அதனால் முந்திப் பூக்கிறது என்று மாதம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீர் கீழேதானே தேங்கும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டு நாய் அந்தக் கோட்டைத் தாண்டாமல் மாட்டுக் கொட்டாயைச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கசப்பு வாடை உலைச்சோற்றில்கூட ஏறியிருந்தது.

ஒருநாள் மத்தியானம் ராமாயி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்தாள்.

"சடை பின்னி உடும்மா."

"காலையிலதானே பின்னுனேன்."

"இறுக்கமாப் பின்னு. தோள்ல உக்காந்தா முடி கண்ணுல உழுகுதுன்னு அய்யன் சொல்லுச்சு."

அப்பனை அவள் அய்யன் என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வருஷமாக அந்தச் சொல் அவள் வாயில் வந்ததில்லை. மாதம்மாள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"எங்க வெச்சுச் சொல்லுச்சு சாமி?"

குழந்தை கை நீட்டிக் காட்டியது. கோட்டின் பாதிக்கு மேல் வந்துவிட்ட மஞ்சள், மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்தில் நின்றது.

மாதம்மாள் அன்றே அர்த்தனாரியிடம் ஓடினாள். அவர் வெற்றிலையைத் துப்பினார். "உசிர்வேலியை நானும் புடுங்கச் சொல்ல முடியாது. ஆடிப் பதினெட்டு அன்னிக்குப் புள்ளையை ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டு" என்றார்.

ஆடி பிறந்து இரண்டு வாரம் கழித்து, யாரும் அழைக்காமலே அருணாசலம் வந்தார். வந்தவர் கோட்டைப் பார்த்ததும் வாசலுக்கு வராமல் தள்ளியே நின்றார். மஞ்சள் அப்போது படிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நமக்கு இதுல நம்பிக்கை கெடையாதுங்க. ஆனாச் சொல்லாம இருக்கவும் முடியல."

"சொல்லுங்க."

"கள்ளி ஒழிஞ்ச எடத்துல செண்டுமல்லி வெச்சிருக்கறாங்கன்னு தொரைகிட்டப் பெருமையாச் சொன்னேன். அவர் சிரிச்சார். இதுவும் அதே சீமைப் பூவாம். அந்த அஸ்டெக்கு ஜனங்களுதுதானாம்." மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்தவங்களுக்கு உண்டான பூவாம். வருஷத்துல ஒரு நாள் சுடுகாட்டுல இருந்து ஊட்டு வாசல்வரைக்கும் இதைத் தூவி வைப்பாங்களாம். வாடையைப் புடிச்சுக்கிட்டு அவங்க வழி தப்பாம வந்து சேர்வாங்களாம்."

பெருமாயி அங்கேதான் இருந்தாள். அவள் ராமாயியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"நான் புடுங்கிப் போட்டுடறேன்" என்றார் மேஸ்திரி. "என்ன வந்தாலும் எனக்கு வரட்டும்."

மாதம்மாள் அந்தப் பூவையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அந்தச் சீமையில, வந்தவங்களை என்ன பண்ணுவாங்களாம்?"

"என்னங்க?"

"கூப்புடறாங்கல்ல. வந்ததுக்கப்புறம்?"

"சோறு வைப்பாங்களாம். உசிரோட இருந்தப்ப ஆசைப்பட்டதையெல்லாம் எடுத்து வைப்பாங்களாம். வாங்கிக்கிட்டுப் போயிருவாங்களாம்."

"போயிருவாங்களா?"

"போயிருவாங்களாம். பட்டணம் இடிஞ்சாலும் அந்த ஜனத்தோட பேரப்புள்ளைங்க இன்னும் இருக்காங்களாம். வருஷா வருஷம் இன்னிக்கும் பண்றாங்களாம். போகாம இருந்தாப் பண்ணுவாங்களா?"

இந்த மலையில் அப்படி ஒரு யோசனை யாருக்கும் வந்ததில்லை. அடைத்து வைக்கத்தான் தெரியும். செத்தவர்கள் கேட்பதைக் கொடுத்து அனுப்பலாம் என்று அந்தக் கடலுக்கு அப்பால் யாரோ கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

"புடுங்க வேண்டாமுங்க" என்றாள் மாதம்மாள்.

ஆடிப் பதினெட்டு விடிந்தபோது மலை முழுக்க மூடுபனி இறங்கியிருந்தது. கடைசிச் செடி படியோரத்தில் பூத்திருந்தது. மாதம்மாள் புருஷனின் தலைத்துண்டை எடுத்துத் தலையில் உருமாலாகக் கட்டினாள். அவன் கம்பளியைத் தோளில் மடித்துப் போட்டாள். ராமாயியைச் சமாதிவரை நடத்திக் கூட்டிப்போய், அங்கே குனிந்து, அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"கோயிலுக்குப் போறமா?"

"போறோம். நீ நடக்கவே வேண்டாம்."

மஞ்சள் கோட்டின் மேலேயே இறங்கி வந்தவளைப் பெருமாயி வாசலில் வழிமறித்தாள். "ஆறு வயசுப் புள்ளையை உச்சிப் பொழுதுவரைக்கும் சுமந்துருவியா நீ? எறக்கி எறக்கித்தான் போவே. எறக்குன எடத்துல என்ன நிக்குமோ."

"எறக்கமாட்டேன்."

"கழுத்து முறிஞ்சிரும்டி."

"வாக்குத் தோள்ல தூக்கறதாத்தான் கொடுத்தாங்க. எறக்குனா அது பொய்யாப் போகும். நகரு அக்கா."

மாதம்மாள் வாசலைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையைப் பிடித்தாள். முதல் ஓடைவரை ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் தோள் எரிந்தது, கழுத்து நரம்பு தெறித்தது. பிறகு பாதை ஏறத் தொடங்கியது. பனியில் முன்னால் இருந்த மரம்கூட மறைந்திருந்தது. திருவிழாவுக்குப் போகிற சனம் எங்கோ பேசிக்கொண்டு போனது. பக்கத்திலா தொலைவிலா என்று தெரியவில்லை.

ஏற்றத்தின் நடுவில் அவளால் முடியவில்லை. காலெடுத்து வைத்தாள், கால் வரவில்லை. இறக்கிவிட வேண்டியதுதான் என்று குனியப்போன அந்த நேரத்தில் தோளில் இருந்த பாரம் போய்விட்டது.

அவள் அப்படியே நின்றாள். குழந்தையின் கணுக்கால்கள் இரண்டும் அவள் கைக்குள்தான் இருந்தன. மார்பின்மேல் கால்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எடை இல்லை. யாரோ மேலிருந்து தூக்கிப் பிடித்தாற்போல. கசப்பு வாடை, பூவே இல்லாத அந்த இடத்தில், மூக்கை அடைத்தது. அதற்குள்ளே இன்னொரு வாடையும் இருந்தது: பலாப்பாலும் வியர்வையும் கலந்தது. அவளுக்கு அது தெரியும்.

மேலே ராமாயி சிரித்தாள். "மெதுவாப் போ அய்யா. முடி உழுகலை, அம்மா இறுக்கமாப் பின்னிருச்சு."

மாதம்மாளின் கைக்குள் இருந்த கால்கள் குளிர்ந்துகொண்டே வந்தன. பனியில் குளிர்கிற குளிர் அல்ல அது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை தளர்ந்துவிடும் என்று தோன்றியது. விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க" என்றாள், முன்னால் இருந்த வெள்ளைப் பனியைப் பார்த்து. "நீங்களே தூக்குங்க. வேண்டாங்கல. காலு மட்டும் என் கையில இருக்கட்டும்."

பாரம் திரும்பவில்லை. அவள் நடந்தாள். அவள் எடுத்து வைத்தது ஒரு அடி, கேட்டது இரண்டு அடிச் சத்தம். சில இடங்களில் கால்கள் மேல்நோக்கி இழுபட்டன, பிள்ளையை உயரத் தூக்கி விளையாட்டுக் காட்டுகிற அப்பன் இழுப்பதுபோல. அப்போதெல்லாம் அவள் முழு பலத்தோடு கீழே பிடித்தாள். பிடித்துக்கொண்டே பேசினாள். தினை நன்றாக வந்ததைச் சொன்னாள். கறவை கன்று போட்டதைச் சொன்னாள். பிள்ளைக்கு இன்னும் மேல்பல் விழவில்லை என்று சொன்னாள். வீட்டில் அவன் இருந்தபோது ஒரு நாளும் இத்தனை பேசியதில்லை.

கோயிலை ஒட்டி ஓடும் அய்யாற்றின் இரைச்சல் கேட்டது. பிறகு கோயில் மணி. பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய கூட்டம் திடீரென்று முன்னால் வந்து நின்றது: ஈரத்துணி, பொரிக்கடை, மொட்டைத் தலைகள். அவள் கோயில் வாசற்படியில் கால் வைத்தாள்.

பாரம் முழுவதும் ஒரே அடியாகத் தோளில் இறங்கியது. மண்டியிட்டு விழுந்தாள். ராமாயி அவள் தலையைக் கட்டிக்கொண்டு முன்பக்கமாகச் சரிந்தாள். அழுதாள். உடம்பு சூடாக இருந்தது. கணுக்கால்களில் மாதம்மாளின் விரல்கள் பத்தும் நீலமாகப் பதிந்திருந்தன.

மாதம்மாள் எழுந்திருக்காமலே, யாரும் இல்லாத பக்கமாகத் திரும்பினாள். ஊருக்குக் கிளம்புகிறவரைப் போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம்.

"வாக்குத் தீந்துச்சுங்க" என்றாள். "போயிட்டு வாங்கன்னு சொல்லமாட்டேன். போங்க."

திரும்பும்போது குழந்தை நடந்தே வந்தது. பொரி தின்றுகொண்டு வந்தது. அய்யனைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்கள் வீடு சேர்ந்தபோது படியோரத்தில் காலையில் பூத்த பூ தலை தொங்கியிருந்தது. மறுநாள் அதற்கு மேலே இருந்தது வாடியது. மஞ்சள் வந்த வழியே ஒவ்வொரு எட்டாகச் சரிவில் ஏறி, ஆவணியில் சமாதிக்குப் போய், அங்கேயும் அவிந்தது. நாய் அந்தப் பக்கமாக மறுபடி படுக்கத் தொடங்கியது.

காய்ந்த பூக்களிலிருந்து மாதம்மாள் விதையை உதிர்த்து ஒரு துணியில் முடிந்துகொண்டாள். அவளுக்கே எதற்கென்று தெரியாது.

புரட்டாசியில் ஒருநாள் பெருமாயி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. கேலியும் பேசவில்லை. அவளுக்கு ஒரு மகன் இருந்தான் என்பது ஊரில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போன வருஷத்தில் பத்து வயதில் போனவன். அவனைச் சுற்றிய கள்ளியும் பூச்சி விழுந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது.

"அந்த வெதையில ஒரு கை குடு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னு கேக்காதே. ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிச்சர்றேன். நீ அனுப்புனியே."

மாதம்மாள் உள்ளே போய் முடிச்சை எடுத்து வந்தாள். அவிழ்த்தாள். விதையை அள்ளினாள். கொடுக்கப்போன கை நடுவில் நின்றது.

"அக்கா, சாகறப்ப அவன் என்ன கேட்டான்?"

பெருமாயி வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே ராமாயி ஆட்டுக்குட்டியோடு பேசிக்கொண்டிருக்கிற குரல் கேட்டது.

"காய்ச்சல்ல பொலம்பிட்டே இருந்தான்" என்றாள் பெருமாயி. "ஏதோ கேட்டான். நானும் தரேன் சாமி, தரேன் சாமின்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"என்னது கேட்டான்?"

"அது புரியலையே மாதம்மா."

மாதம்மாள் விரல்களை மெல்ல மூடிக்கொண்டாள்.

"அப்ப வேண்டாங்க்கா" என்றாள்.